நிரம்பியே இருக்க வேண்டிய தொட்டி

கழிப்பறையில் தண்ணீர் இறங்கவில்லை என்றதும் "டேங்க் ஃபுல்" என்று லாரியைக் கூப்பிடுகிறோம். உண்மையில் செப்டிக் டேங்க் புழக்கத்துக்கு வந்த சில வாரங்களிலேயே நிரம்பிவிடும். அதன்பின் எப்போதும் நிரம்பியேதான் இருக்கும். எத்தனை லிட்டர் உள்ளே வருகிறதோ அத்தனை லிட்டர் மறுமுனையில் வெளியேறும். கவனிக்க வேண்டியது, அந்தத் தண்ணீருக்குள் கசடு எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதைத்தான்.

உள்ளே வரும் கழிவு ஒரு நாளாவது அலையாமல் நின்றால் மூன்று அடுக்காகப் பிரியும். கனமானவை அடியில் கசடாகப் படியும். எண்ணெய்ப் பசையும் இலேசானவையும் மேலே ஏடாகத் திரளும். நடுவில் ஓரளவு தெளிந்த நீர். காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் கசடைச் சிதைத்து மீத்தேன், கார்பன் டை ஆக்சைடு, ஹைட்ரஜன் சல்பைடு வாயுக்களை வெளியிடுகின்றன. ஆனால் எல்லாம் சிதைவதில்லை. மணலும் நாரும் மிஞ்சி ஆண்டுக்காண்டு உயரும். வெளியேறும் நீரிலும் நோய்க்கிருமிகளும் குடற்புழு முட்டைகளும் இருக்கும். அதைத் தெருச் சாக்கடையில் விடுவது ஊருக்கே செய்யும் தீங்கு. அது போக வேண்டிய இடம் சோக் பிட் எனும் உறிஞ்சு குழி. குடிநீர்க் கிணற்றுக்கும் சோக் பிட்டுக்கும் குறைந்தது 18 மீட்டர் இடைவெளி வேண்டும் என்கிறது ஐ.எஸ். 2470 என்ற இந்தியத் தர விதி. சிறு மனைகளில் அதற்கு இடமே இருக்காது. அங்கே போர் தண்ணீரைக் காய்ச்சினால் கிருமி சாகும், கழிவிலிருந்து கலக்கும் நைட்ரேட் உப்பு போகாது.

அதே விதிப்படி ஐந்து பேருக்கான தொட்டி 1.5 மீட்டர் நீளம், 0.75 மீட்டர் அகலம், 1 மீட்டர் நீர் ஆழம். கொள்ளளவு 1,125 லிட்டர். ஒருவரால் ஆண்டுக்குச் சுமார் 25 முதல் 40 லிட்டர் கசடு சேரும் என்று கொண்டால், ஐவருக்கு 125 முதல் 200 லிட்டர். தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 375 லிட்டர், இரண்டு மூன்று ஆண்டுகளில் கசடாகிவிடும். நம் வீடுகளில் கொத்தனார் இதைவிடப் பெரிதாகவே கட்டியிருப்பார். காலமும் அதற்கேற்ப நீளும். எனவே ஆண்டுகளை எண்ணிக்கொண்டிருப்பதைவிட ஒரு கம்பை விட்டு அளந்துவிடுவது மேல்.

எட்டடிக் கம்பின் அடிப்பக்கம் மூன்றரை அடிக்கு வெள்ளைத் துண்டைச் சுற்றிக் கட்டுங்கள். தண்ணீர் வெளியேறும் பக்கத்து மூடியைத் திறந்து, அரை மணி நேரம் விலகி நில்லுங்கள். கூட ஒருவர் இருக்கட்டும். குழந்தைகள் வேண்டாம், நெருப்பு அறவே கூடாது, முகத்தை உள்ளே நீட்டவும் கூடாது. கம்பு தரை தட்டும்வரை மெல்ல இறக்கிச் சில நிமிடம் நிறுத்தி எடுத்தால், கசடின் உயரம் வரை துணியில் கருந்துகள் ஒட்டியிருக்கும். நீர் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தொட்டுவிட்டால் லாரிக்குச் சொல்லலாம். ஏட்டின் அடிப்பாகம், நீர் வெளியேறும் 'டீ' (T வடிவ) பைப்பின் கீழ்வாய்க்கு அரையடி நெருங்கினாலும் அப்படியே. அந்த டீ உடைந்து விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். நீரில் தாழ இறங்கி, ஏட்டை வெளியே விடாமல் நடுநீரை மட்டும் எடுப்பது அதுதான். அது இல்லாவிட்டால் ஏடு நேராக சோக் பிட்டுக்குப் போகும்.

மூடியைத் திறந்ததும் நீர்மட்டத்தைப் பார்த்தாலே பாதி நோய் தெரிந்துவிடும். மட்டம் வெளியேறும் குழாயின் அடிவிளிம்போடு சரியாக நிற்கிறது, ஆனால் கழிப்பறையில் தண்ணீர் தேங்குகிறது என்றால், அடைப்பு தொட்டிக்கு முன்னால், வரும் குழாயிலோ அதன் வாயை மூடிய ஏட்டிலோ இருக்கிறது. மட்டம் குழாய்க்கு மேலே ஏறியிருந்தால் சிக்கல் வெளியேறும் குழாயில் அல்லது சோக் பிட்டில். லாரி வந்து உறிஞ்சினாலும் சில நாளில் பழையபடி ஏறிவிடும். தப்பிப்போன கசடு மண்ணின் துளைகளைக் கறுப்புப் பிசினாக அடைத்திருந்தால் பெரும்பாலும் புதுக் குழிதான் வெட்ட வேண்டும். புழக்கத்திலிருந்தும் மட்டம் குழாய்க்குக் கீழேயே நிற்கிறதா? தொட்டி கசிகிறது. அடியில் கான்கிரீட் போடாமல் விட்ட தொட்டிகளில் இதுதான் நடக்கிறது. "பதினைந்து வருஷமா லாரியே கூப்பிட்டதில்லை" என்று பெருமைப்படும் வீடுகளில் கழிவு நிலத்தடி நீரில் கலந்துகொண்டிருக்க வாய்ப்பு அதிகம்.

வடகிழக்குப் பருவமழையில் நிலத்தடி நீர் உயர்ந்து சோக் பிட் உறிஞ்ச மறுக்கும். அதனால் சோதனையை ஆகஸ்ட், செப்டம்பரிலேயே முடித்துவிடுங்கள். ஈர மண் அழுத்தும் நேரத்தில் தொட்டியைக் காலி செய்தால் சுவர் விரிசல் விடலாம்; பிளாஸ்டிக் தொட்டி மிதந்தே மேலே வந்துவிடும். எப்போது காலி செய்தாலும் உடனே தண்ணீர் நிரப்புங்கள். அடியில் ஓரிரு அங்குலக் கசடு கிடக்கட்டும். பாக்டீரியாக்களுக்கு அதுவே விதை. தொட்டியை ஆசிட், ஃபினாயில் ஊற்றிக் கழுவுவது அவற்றைக் கொல்வதுதான். நாப்கின், ஈரத் துடைப்பான் எதுவும் மட்காது.

உறிஞ்சும் வேலை முழுவதும் குழாயாலேயே நடக்க வேண்டும். யாரும் உள்ளே இறங்கக்கூடாது. கசடைக் கிளறினால் ஹைட்ரஜன் சல்பைடு குபீரெனக் கிளம்பும். 100 பி.பி.எம். (காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு) அளவிலேயே மூக்கு மரத்து அழுகிய முட்டை நாற்றம் தெரியாமல் போகும்; 700ஐத் தாண்டினால் ஓரிரு மூச்சில் ஆள் விழுந்துவிடுவார். காப்பாற்றக் குதித்தவரும் இப்படித்தான் சாகிறார். மூடியை நாள் முழுக்கத் திறந்து வைத்தாலும் இந்த ஆபத்து நீங்காது. பாதுகாப்புக் கருவிகளின்றி ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. முதல் முறையே இரண்டாண்டு வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். லாரிக்கு 14420 என்ற எண்ணில் சொல்லலாம். எங்கே கொண்டுபோய்க் கொட்டுவார்கள் என்றும் கேளுங்கள். 2017இல் செங்கல்பட்டு மாவட்டத்துக் கருங்குழியில் தொடங்கி, பல ஊர்களில் மலக்கசடு சுத்திகரிப்பு நிலையங்கள் வந்துவிட்டன. ஏரிக்கரையில் கொட்டும் லாரிக்குக் காசு கொடுக்காதீர்கள்.

லாரி போனபின் மூடியின் விளிம்பைச் சிமெண்டால் அடைத்து, காற்றுக் குழாயின் வாயில் கொசுவலை கட்டுங்கள். யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு இந்தத் தொட்டிகளிலும் பெருகுகிறது. மூடிக்கு மேல் டைல்ஸ் மட்டும் ஒட்டிவிடாதீர்கள்.