வடைக்கு இரண்டு பவுண்டு, உறைக்கு மட்டும் தயக்கம்

லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஒரு சமூகக் கூடம், ஞாயிற்றுக்கிழமை மதியம். ஒரு பக்கம் உளுந்து வடை, தட்டு இரண்டு பவுண்டு. எதிர்ப்பக்கம் காற்றடைத்து நிறுத்திய இளஞ்சிவப்புப் பெருங்குடல். ஆள் உள்ளே நடந்து போகலாம். சுவரில் முதலில் பாலிப் என்கிற சின்னச் சதை முளைப்பு, அடுத்து கொஞ்சம் பெரியது, கடைசியில் புற்றுக்கட்டி. பிள்ளைகளுக்கு அது குதித்து விளையாடும் காற்றுக் கோட்டை. செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு இந்த வாசலில் நுழைந்து அந்த வாசலில் விழுகிறார்கள். பெரியவர்கள் வெளியே நின்று வடை சாப்பிடுகிறார்கள்.

நான் குடல் நோய்ப் பிரிவில் செவிலியர். கொலனாஸ்கோபி, அதாவது கேமரா வைத்த குழாயைக் குடலுக்குள் விட்டுப் பார்க்கும் அறையில் பல வருஷம் நின்றிருக்கிறேன். லீவு நாட்களில் ஒரு சின்னக் குடல் புற்றுநோய் அறக்கட்டளையோடு சுற்றுவேன். பெரிய அமைப்புகளைப்போல டிவி விளம்பரமெல்லாம் இல்லை. கேக், வடை, நடைப்பயணம், நன்கொடை போட இரண்டு வாளி, ஒரு வாடகைக் குடல். அவ்வளவுதான்.

நம் ஆட்கள் பணம் கொடுக்கச் சளைத்தவர்கள் இல்லை. கோயில் தேரோ, ஊர்ப் பள்ளிக்கூடத்துக் கூரையோ, கேட்டால் பர்ஸ் திறந்துவிடும். புற்றுநோய் என்றால் இன்னும் சீக்கிரம் திறக்கும். ஆனால் அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ் இலவசமாக வீட்டுக்கே அனுப்புகிற மலப் பரிசோதனை உறையைப் பிரிக்கச் சொல்லிப் பாருங்கள். பத்துப் பவுண்டு கொடுத்த கை அப்படியே பின்னால் போகும். எங்கள் அறக்கட்டளையின் உண்மையான வேலை அந்த உறையைப் பிரிக்க வைப்பதுதான் என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்து ரொம்ப நாளாகிறது. வாளி இரண்டாம்பட்சம்.

அன்றைக்கு ஒரு அம்மா, அறுபதைத் தாண்டியவர், வாளியில் நோட்டைப் போட்டுவிட்டு என் காதருகே வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர்.

"பிள்ளை, எனக்கும் உது வந்தது. மூண்டு தரம் வந்திட்டுது. கவுன்சில் டாக்ஸ் கடிதங்களோட லாச்சிக்குள்ள கிடக்கு."

"ஏம்மா அனுப்பலை?"

"உதை என்னெண்டு தபால்ல போடுறது? தபால்காரன் என்ன நினைப்பான்? எனக்கு ஒரு வருத்தமும் இல்லைத்தானே."

லாச்சி என்றால் டிராயர்; வருத்தம் என்றால் அவர்கள் ஊரில் நோய். தென்காசிக்காரியான எனக்கு அது பழகவே ஒரு வருஷம் ஆனது. அவர் சொன்னதில்தான் சிக்கலே இருக்கிறது. அந்த உறை வருத்தம் இல்லாதவர்களுக்காகவே வருவது. பாலிப் வலிக்காது. பல பாலிப்கள் காலம் முழுக்க ஒன்றும் செய்யாது. சில மட்டும் மெல்ல மெல்ல, பெரும்பாலும் பத்து வருஷத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு, புற்றாக மாறும். இடையில் கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் கசியலாம். அந்த உறையில் வரும் ஃபிட் (FIT) என்ற பரிசோதனை தேடுவது அந்த ரத்தத்தை. அதில் சந்தேகம் வந்தால் கொலனாஸ்கோபி. பாலிப்பைக் கண்டால் பெரும்பாலும் அங்கேயே கம்பிச் சுருக்குப் போட்டு எடுத்துவிடுவோம். புற்றாகவே இருந்தாலும், முதல் நிலையில் பிடித்தால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஐந்து வருஷம் தாண்டி வாழ்கிறார்கள். நான்காம் நிலையில் பிடித்தால் ஏறக்குறைய பத்தில் ஒருவர். பிரிட்டனில் நுரையீரல் புற்றுக்கு அடுத்தபடியாக அதிக உயிரை எடுப்பது இதுதான்.

எங்கள் பக்கமும் தப்பு உண்டு. முதலில் அடித்த தமிழ்த் துண்டுப் பிரசுரத்தில் "உங்கள் கழிவு மாதிரியை அனுப்பவும்" என்று அச்சிட்டிருந்தோம். கழிவு என்றால் சிறுநீரா, மலமா? ஒரு ஐயா கேட்டார்: "கழிவு மாதிரின்னா, கழிவு போல இருக்கிற வேற எதாவதா?" சிரித்துவிட்டேன், ஆனால் அவர் கேட்டது நியாயம். கூச்சம் பார்த்தது நாங்கள், குழம்பியது அவர். அடுத்த அச்சில் "மலம்" என்றே போட்டோம். பேசும்போது மோஷன், வெளிக்குப் போவது, எதிரே இருப்பவர் வாயில் எது வருகிறதோ அது.

செய்முறையைச் சொன்னால் பாதிப் பயம் போய்விடுகிறது. இங்கிலாந்தில் இப்போது 50 வயது முதல் 74 வரை, ஜிபியிடம், அதாவது குடும்ப டாக்டரிடம், பதிந்திருக்கும் எல்லாருக்கும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இந்தக் கிட் உறையில் வரும். மலம் கழிவறைத் தண்ணீரில் விழக்கூடாது. ஒரு டப்பாவில் பிடியுங்கள். ஐஸ்கிரீம் டப்பா வசதி. நம் வீட்டு ஃபிரீஸரில் அதற்குள் ஐஸ்கிரீம் தவிர மற்ற எல்லாம் இருக்கும் என்பதால், பழையதாகப் பார்த்து எடுத்து, வேலை முடிந்ததும் தூக்கிப் போடுங்கள். கிட்டில் உள்ள குச்சியின் நுனியில் வரிவரியாகக் கீறல் இருக்கும். மலத்தின் மேல் அதைத் தேய்த்தால் கீறல்கள் நிரம்பும். அது போதும், அள்ள வேண்டாம். குச்சியைக் குப்பிக்குள் செருகினால் 'க்ளிக்'. மறுபடி திறக்காதீர்கள். மேலே தேதி எழுதுங்கள். தேதி இல்லாததாலேயே வீணாகும் குப்பிகள் உண்டு. தபால்தலை வேண்டாம். தபால்காரருக்கு அது நூற்றில் ஒரு உறை.

2019-க்கு முன்னால் இருந்த பழைய முறையில் மூன்று தடவை போன மலத்தை ஒரு அட்டையில் தடவி அனுப்ப வேண்டும். இப்போது ஒரே தடவை. "நேத்து ஆட்டுக்கறி சாப்பிட்டேனே" என்று கேட்பவர்களுக்கு: ஃபிட் மனித ரத்தத்தை மட்டும்தான் பிடிக்கும். ஆடு, மீன், பீட்ரூட் எதுவும் அதை ஏமாற்றாது.

இன்னொன்றைக் கொஞ்சம் கோபத்தோடுதான் சொல்கிறேன். மலத்தில் ரத்தம் வந்தால் நம் வீடுகளில் உடனே தீர்ப்பு: "சூடு." வெந்தயம், மோர், நல்லெண்ணெய்க் குளியல். இல்லையென்றால் மூலம். மூலமாகவே இருக்கலாம், பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் பாட்டியும் பக்கத்து வீட்டுக்காரரும் அதை முடிவு செய்ய முடியாது. ரத்தம், மூன்று வாரத்துக்கு மேல் மலப்போக்கில் மாற்றம், காரணமில்லாத எடை இழப்பு, இரும்புச்சத்து குறைந்து வரும் அசதி, வயிற்றில் வலி அல்லது கட்டி இருந்தால் உறைக்குக் காத்திருக்காமல் ஜிபியிடம் போங்கள். ஐம்பது ஆகவில்லை என்பது சமாதானம் இல்லை. 'பவல்பேப்' என்று இங்கே எல்லாருக்கும் தெரிந்த டெபோரா ஜேம்ஸுக்கு நோய் தெரிந்தபோது வயது 35. மலத்தைப் பற்றி வெட்கப்படாமல் ஊரறியப் பேசினார். 2022-இல் நாற்பது வயதில் இறப்பதற்குச் சில வாரம் முன்பு அவர் தொடங்கிய நிதியில் அறுபது லட்சம் பவுண்டுக்கு மேல் சேர்ந்தது.

அவ்வளவு தூரம் போவானேன். பார்க்கிங் (Barking) ரோடும் கிரீன் ஸ்ட்ரீட்டும் சந்திக்கும் முனையில், உலகக் கோப்பையோடு தோளில் தூக்கப்பட்டு நிற்கும் சிலையைத் தாண்டித்தான் பாதி ஈஸ்ட் ஹாம் பஸ்ஸில் போகிறது. 1966-இல் இங்கிலாந்துக்குக் கோப்பை வாங்கித் தந்த ஃபுட்பால் கேப்டன் பாபி மூர். 1993-இல், 51 வயதில், குடல் புற்றில் போனார். அதே வருஷம் மனைவி ஸ்டெஃபனி அவர் பெயரில் நிதி தொடங்கினார். கூடத்தில் இதைச் சொன்னால் வடைக்கு வந்த ஐயாக்கள் காது கொடுக்கிறார்கள். குடலைப் பற்றிப் பேச ஃபுட்பால்தான் வழி என்றால் ஃபுட்பாலே இருக்கட்டும்.

பணம் கொடுப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. வாளியில் அறக்கட்டளையின் பெயர் இருக்கிறதா பாருங்கள். பதிவு எண் சொன்னால், அறக்கட்டளைகளைப் பதிவு செய்யும் சாரிட்டி கமிஷன் தளத்தில் தேடலாம். இங்கே வருமான வரி கட்டுபவர் என்றால் கிஃப்ட் எய்ட் படிவத்தில் கையெழுத்துப் போடுங்கள். நீங்கள் தரும் ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசிடமிருந்து 25 பென்ஸ் கூடுதலாக எங்களுக்கு வரும். அந்தக் காசில்தான் சமூகக் கூடத்து வாடகை, அச்சுக்கூலி, குடல் வாடகை.

அந்த அம்மாவிடம் தமிழ்ப் பிரசுரத்தைக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டு வாசித்தார். "தேதி எண்டு போட்டிருக்கிறியள். நாங்கள் திகதி எண்டுதான் எழுதுறது" என்று திருத்தினார். அடுத்த அச்சில் இரண்டும் போடுகிறோம் என்றேன். வடை இரண்டு பார்சல் வாங்கிக்கொண்டு போனார்.

மூன்று வாரம் கழித்து அறக்கட்டளை போனில் அவர் குரல்.

"பிள்ளை, அண்டைக்கே அனுப்பிப்போட்டன். திகதியும் போட்டனான்."