"எனக்கு எல்லாரும் ஒன்றுதான்" என்று சொல்லும் மேலாளர்களுக்கு

மறுபடியும் அதே கதை. ஒரு பெரிய நிறுவனம். யாரிடமும் பாகுபாடு காட்டாமல் நடத்தக் கற்றுத்தரும் பன்முகத்தன்மைப் பயிற்சி முடித்து, சான்றிதழும் வாங்கிய மேலாளர். பிரசவ விடுப்பு முடிந்து திரும்பிய பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்காமல், வெளியூர்ப் பயணம் உள்ள ப்ராஜெக்டை இன்னொருவருக்கு மாற்றிவிட்டார். "கைக்குழந்தைக்காரி, பாவம் என்றுதான் செய்தேன்" என்கிறார். நல்ல மனதோடுதான் செய்திருப்பார், நம்புகிறேன். ஆனால் அடுத்த பதவி உயர்வு அந்த ப்ராஜெக்டைச் செய்தவருக்குத்தான் போகும். வேண்டாம் என்று சொல்வதாக இருந்தால் அந்தப் பெண்ணே சொல்லியிருக்க மாட்டாரா?

மேலாளர்களுக்கு இந்தப் பயிற்சி கொடுப்பதுதான் என் வேலை. எந்த வகுப்புக்குப் போனாலும் யாராவது ஒருவர் சொல்லிவிடுவார்: "நான் யாரையும் வித்தியாசமாகப் பார்ப்பதில்லை. எனக்கு எதற்கு இந்த வகுப்பு?" என்னை அதிகம் அலுக்க வைப்பது இந்த ஒரு பேச்சுதான். உங்கள் மனதில் வெறுப்பு இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. யாருக்கு எந்த வேலை கொடுத்தீர்கள், யார் பேசும்போது குறுக்கிட்டீர்கள், அப்ரைசலில், அதாவது வேலை மதிப்பீட்டில், யாரைப் பற்றி என்ன எழுதினீர்கள் என்பதுதான் கேள்வி. ஒரே குணத்தை ஆணிடம் கண்டால் "துணிச்சல்", பெண்ணிடம் கண்டால் "அனுசரித்துப் போகத் தெரியவில்லை" என்று எழுதும் எத்தனையோ மேலாளர்களுக்கு யார் மீதும் வெறுப்பு கிடையாது.

அமெரிக்காவில் பாஸ்டன், சிகாகோ நகரங்களில் நடந்த ஓர் ஆய்வு 2004-ல் வெளியானது. ஒரே தரமான வேலை விண்ணப்பங்களில் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினார்கள். வெள்ளையர் பெயர் என்று தோன்றியவற்றுக்குக் கறுப்பினத்தவர் பெயர்களைவிட சுமார் 50 சதவீதம் அதிகமாக அழைப்பு வந்தது. அந்த விண்ணப்பங்களைப் பிரித்தவர்களிடம் கேட்டிருந்தால், அவர்களில் பெரும்பாலானோர் "எனக்கு எல்லாரும் ஒன்றுதான்" என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

சரி, உண்மையிலேயே எல்லாரையும் ஒரே மாதிரி நடத்துகிறீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். மீட்டிங் எல்லாருக்கும் மாலை 7 மணிக்கு. வீடியோ அழைப்பில் யாருக்கும் வசன வரி கிடையாது. பயிற்சி அறை மாடியில், லிஃப்ட் இல்லை. ஒரே விதிதான். ஆனால் குழந்தையை அழைத்துவர ஓட வேண்டியவரும், காது கேளாதவரும், சக்கர நாற்காலியில் வருபவரும் வெளியே நிற்கிறார்கள்.

மனிதவளத் துறையினருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வருடத்துக்கு ஒரு வகுப்பு வைத்துவிட்டுக் கணக்கை முடிக்காதீர்கள். ஒரு பெரிய பன்னாட்டு நிறுவனத்தில் 3,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களிடம் ஒரு மணி நேர ஆன்லைன் பயிற்சியைச் சோதித்த ஆய்வு 2019-ல் வந்தது. சிலரின் எண்ணம் கொஞ்சம் மாறியது, நடத்தை பெரிதாக மாறவில்லை. இன்னாருக்கு இது பொறுப்பு என்று ஆளை நியமித்துக் கணக்குக் கேட்ட நிறுவனங்களில்தான் நிர்வாகப் பதவிகளில் அதிக மாற்றம் தெரிந்தது என்று 2006-லேயே ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. அப்புறம், என் சக பயிற்சியாளர்களே, வகுப்பில் இருக்கும் ஒரே திருநங்கையை எழுப்பி "உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்" என்று கேட்பதை தயவுசெய்து விடுங்கள். அவர் வேலை செய்ய வந்தவர், உங்கள் பாடத்துக்கு உதாரணமாக இருக்க வரவில்லை.

மேலாளர்களே, நேர்காணலில் எல்லாரிடமும் அதே கேள்விகளை அதே வரிசையில் கேளுங்கள். குழு கூடிப் பேசுவதற்கு முன்பே அவரவர் மதிப்பெண்ணை எழுதி வைத்துவிடுங்கள். கடந்த ஆறு மாதத்தில் பெயர் வாங்கித் தரும் வேலை யாருக்குப் போனது, குறிப்பு எடுப்பதும் விழா ஏற்பாடும் யார் தலையில் விழுந்தன என்று பட்டியல் போட்டுப் பாருங்கள். ஒருவருக்கு எது கஷ்டம் என்று நீங்களே முடிவு செய்யாமல் அவரிடமே கேளுங்கள். யாராவது புகாரோடு வந்தால், "நான் அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை" என்று தொடங்காதீர்கள். அவர் பேசி முடிக்கட்டும். பல நாள் யோசித்துத்தான் உங்கள் அறைக்கு வந்திருப்பார்.