மக்காச்சோளம், சோளம், கம்புக்கும் நுண்ணீர்ப் பாசன மானியம்: வரைபடத்தில் கையெழுத்துப் போடும் முன்

நுண்ணீர்ப் பாசன (சொட்டுநீர், தெளிப்புநீர்) மானியம் என்றதும் தென்னை, வாழை, கரும்புதான் பலருக்கு நினைவுக்கு வரும். பெரம்பலூர், அரியலூர், விருதுநகர், திருப்பூர் பக்கம் கிணற்றையோ போரையோ நம்பி மக்காச்சோளம், சோளம், கம்பு, கேழ்வரகு போடுகிறவர்களுக்கும் அதே மானியம் உண்டு. மத்திய அரசின் ‘துளி நீரில் அதிகப் பயிர்’ திட்டம் 2015-16இல் பிரதமரின் வேளாண் நீர்ப்பாசனத் திட்டத்தின் ஒரு பிரிவாகத் தொடங்கியது. 2022-23 முதல் ராஷ்ட்ரிய கிருஷி விகாஸ் யோஜனாவின் கீழ் நடக்கிறது.

மத்திய விதிப்படி சிறு, குறு விவசாயிக்கு அலகுத் தொகையில் (இவ்வளவு பரப்புக்கு இவ்வளவு என்று அரசு நிர்ணயித்த செலவில்) 55 சதவீதம், மற்றவர்களுக்கு 45 சதவீதம். தமிழ்நாடு அரசு மேலே போட்டுச் சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீதமாகவும் மற்றவர்களுக்கு 75 சதவீதமாகவும் தருகிறது. சிறு, குறு விவசாயிக்கு 5 ஏக்கர் வரை, மற்றவர்களுக்கு 12.5 ஏக்கர் வரை. இரண்டரை ஏக்கர் வரை வைத்திருப்பவர் குறு விவசாயி, அதற்கு மேல் 5 ஏக்கர் வரை சிறு விவசாயி. வேறு கிராமத்தில் உங்கள் பெயரில் இருக்கும் நிலமும் இந்தக் கணக்கில் சேரும். ஐந்தரை ஏக்கர்காரர் 75 சதவீதப் பட்டியலுக்குப் போய்விடுவார்.

100 சதவீதம் என்பது அரசு நிர்ணயித்த அலகுத் தொகையில் 100 சதவீதம். அந்தத் தொகை பயிர் வரிசையை ஒட்டி ஓடும் சிறு டியூப்பான லேட்டரல் குழாய்களுக்கு இடையே உள்ள இடைவெளியைப் பொறுத்து மாறும். இடைவெளி குறுகினால் டியூப் அதிகம், தொகையும் அதிகம். தென்னைக்கு எழுதிக் கொடுத்துவிட்டு மக்காச்சோளம் போட நினைத்தால் டியூப் பாதிக்குக்கூட வராது. விண்ணப்பத்தில் பயிர் பெயர் எழுதும் இடத்தில்தான் பாதித் திட்டம் முடிவாகிறது என்பதால் அதை மற்றவர் கையில் விடாதீர்கள்.

விண்ணப்பிப்பது

மக்காச்சோளம், சிறுதானியம் என்றால் வட்டார வேளாண்மை விரிவாக்க மையம். காய்கறி, பழம் என்றால் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகம். இரண்டுக்கும் பதிவு நுண்ணீர்ப் பாசனத்துக்கான ‘மிமிஸ்’ இணையதளத்தில்தான் ஏறுகிறது. சிட்டா, அடங்கல், புல வரைபடம், ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தக நகல், புகைப்படம், மண் மற்றும் நீர்ப் பரிசோதனை முடிவு, வட்டாட்சியர் தரும் சிறு, குறு விவசாயி சான்று ஆகியவை தேவை. சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம்.

தாமதம் பெரும்பாலும் பட்டாவில்தான் வருகிறது. இறந்துபோன அப்பா பெயரிலேயே பட்டா இருப்பது, கூட்டுப் பட்டாவில் பங்காளி சம்மதக் கடிதம் இல்லாதது, அடங்கலில் ‘தரிசு’ என்று கிடப்பது இந்த மூன்றும் மனுவை நிறுத்திவைக்கும். கிணறு வேறு சர்வே எண்ணில் பொதுக் கிணறாக இருந்தால் பங்குதாரர் ஒப்புதலும் வாங்கி வையுங்கள். குத்தகைக்காரருக்கும் வாய்ப்பு உண்டு, ஆனால் குத்தகை ஒப்பந்தம் குறைந்தது 7 ஆண்டுக்கு இருக்க வேண்டும்.

நீர்ப் பரிசோதனையைச் சடங்காக நினைக்க வேண்டாம். உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்தும் திறன் மீட்டருக்கு 1.1 டெசிசைமன்ஸ் தாண்டினாலே மக்காச்சோளத்தில் விளைச்சல் குறையத் தொடங்கும். சோளம் 4.5 வரை தாங்கும். தண்ணீர் 3 காட்டுகிற இடத்தில் மக்காச்சோளத்துக்கு வரைபடம் போடுவது யாருக்கும் நல்லதல்ல.

வரைபடம்

அங்கீகரிக்கப்பட்ட நிறுவனங்களில் ஒன்றை நீங்களே தேர்வு செய்யலாம். அவர்கள் ஆள் வந்து நிலத்தை அளந்து வரைபடமும் விலைப்பட்டியலும் தருவார். காசு நம் கையிலிருந்து போகவில்லை என்று பலர் அதைப் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. அடுத்த கோடையில் கடைசி வரிசை காய்ந்து நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் அந்தக் காகிதத்தில்தான் இருக்கும்.

முதலில் கிணற்றை அளந்துகொள்ளுங்கள். மோட்டாரை ஒரு மணி நேரம் ஓடவிட்டு, நீர்மட்டம் இறங்கிய பிறகு, 200 லிட்டர் டிரம் நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். 40 விநாடி என்றால் விநாடிக்கு 5 லிட்டர், மணிக்கு 18,000 லிட்டர். போட்டவுடன் அளந்தால் கணக்கு பொய்யாகும்.

மக்காச்சோளத்துக்கு இணை வரிசை நடவு பொருத்தமானது. இரண்டு வரிசை 40 செ.மீ. இடைவெளியில், அடுத்த ஜோடி 80 செ.மீ. தள்ளி, ஜோடிக்கு நடுவே ஒரு லேட்டரல். லேட்டரலுக்கு லேட்டரல் 1.2 மீட்டர் வருவதால் ஏக்கருக்கு ஏறக்குறைய 3,370 மீட்டர் டியூப் வேண்டும். 40 செ.மீ.க்கு ஒரு சொட்டுவான் (டியூப்பில் தண்ணீர் சொட்டும் வாய்) என்றால் ஏக்கருக்கு 8,400க்குச் சற்று மேல். அது மணிக்கு 2 லிட்டர் விடும் வகையானால் ஏக்கருக்கு மணிக்குச் சுமார் 16,900 லிட்டர் போகும். நம் 18,000 லிட்டர் கிணறு ஒரு நேரத்தில் ஒரு ஏக்கரைத் தாங்கும். அதே இடத்தில் 4 லிட்டர் சொட்டுவான் வைத்தால் அரை ஏக்கர்தான் தாங்கும். வால்வைப் பிரிக்காமல் முழு ஏக்கருக்கும் திறந்தால் அழுத்தம் விழுந்து, முன்பக்கம் ஈரமும் கடைக்கோடியில் வறட்சியுமாக நிற்கும். வரைபடத்தில் வால்வு எண்ணிக்கையையும் சொட்டுவானின் லிட்டரையும் இந்தக் கணக்கோடு ஒப்பிட்டுக் கேளுங்கள்.

எவ்வளவு நேரம் விடுவது? மேலே சொன்ன அமைப்பு மணிக்கு 4 மி.மீ.க்குச் சற்று அதிகமாகத் தண்ணீர் தரும். கதிர் விடும் பருவத்தில், வெயில் நாளில் ஒரு நாளைக்கு 5 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், ஒருநாள் விட்டு ஒருநாள் 10 மி.மீ., ஏறக்குறைய 2 மணி 25 நிமிடம். 3 ஏக்கருக்கு மூன்று வால்வை மாற்றி மாற்றி ஓட்ட ஏழேகால் மணி. உங்கள் ஊரில் மும்முனை மின்சாரம் வரும் நேரத்துக்குள் இது அடங்குகிறதா என்று பார்த்துத்தான் எத்தனை ஏக்கருக்கு எழுதுவது என்று முடிவு செய்ய வேண்டும். பாத்தியில் வாய்க்கால் பாசனமாக 50 மி.மீ. கட்டினால் ஒரு ஏக்கருக்கு 2 லட்சம் லிட்டர், அதே கிணற்றில் 11 மணி நேரத்துக்கு மேல்.

கேழ்வரகு, சாமை, தினை போல நெருக்கமாக விதைப்பவற்றுக்கும், விதைத்துவிடும் சோளத்துக்கும் டியூப் கட்டுபடியாகாது. அங்கே தெளிப்புநீர்க் கருவி. கழற்றி மாற்றும் பைப்பு என்பதால் ஒரே செட்டில் பல துண்டு நிலம் பார்க்கலாம். காற்று அடிக்கும் பகலில் ஓட்டாதீர்கள், தண்ணீர் பக்கத்துக் காட்டுக்குப் போகும். கம்பும் சோளமும் பூக்கும் சமயத்தில் கதிர் நனைந்தபடி இருந்தால் தேன் ஒழுகல் நோய் சுலபமாகப் பிடிக்கும். கதிர் வெளிவரும் முன்பே பாய்ச்சலை முடித்து, பூக்கும் நாட்களைத் தாண்டிவிடுங்கள். உப்புத் தண்ணீரைத் தெளித்தால் இலை கருகும். பீய்ச்சித் தெளிக்கும் பெரிய கருவியான மழைத்தூவானுக்கு (ரெயின் கன்) அதிக அழுத்தமும் அதிகத் தண்ணீரும் வேண்டும். சின்ன மோட்டார்க்காரர் அதைக் கேட்டு வாங்கி, பிறகு ஓரமாகப் போட்டுவைப்பதே வழக்கம்.

பொருள் இறங்கும் நாள்

பணி ஆணை வந்த பிறகே பொருத்த வேண்டும். வண்டியில் வரும் பொருளைப் பட்டியலோடு எண்ணுங்கள். சொட்டுவான் உள்ளே பொருத்திய டியூப்பில் ஐஎஸ் 13488, வெறும் லேட்டரலில் ஐஎஸ் 12786 என்ற முத்திரை இருக்கும். போர் தண்ணீரில் மணல் வருமென்றால், தண்ணீரைச் சுழற்றி மணலைப் பிரிக்கும் ஹைட்ரோசைக்ளோன் வேண்டும். பாசி படியும் திறந்த கிணறு, பண்ணைக் குட்டை என்றால் மணல் ஃபில்டர் வேண்டும். வெறும் வலை ஃபில்டரை மட்டும் மாட்டினால் ஒரே பருவத்தில் சொட்டுவான் அடைத்துக்கொள்ளும். ஃபில்டருக்கு முன்னும் பின்னும் அழுத்தமானி இருக்க வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் சதுர செ.மீ.க்கு 0.5 கிலோவைத் தாண்டினால் கழுவும் நேரம் வந்துவிட்டது. தண்ணீர் சரியாக வரவில்லையென்று வலையையே கழற்றி எறிந்தவர்களின் வயலில் டியூப் மொத்தமும் வீணாகிறது.

ஆய்வுக்கு அலுவலர் வரும்போது மோட்டாரைப் போட்டு, கடைசி லேட்டரலின் கடைசிச் சொட்டுவானுக்கு அடியில் டம்ளர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். 2 லிட்டர் சொட்டுவான் 6 நிமிடத்தில் 200 மி.லி. தர வேண்டும். அது சரியாக வந்த பிறகு திருப்திக் கடிதத்தில் கையெழுத்துப் போடுங்கள். நிறுவனம் 3 ஆண்டு இலவசப் பராமரிப்புச் சேவை தர வேண்டும் என்பது விதி.

உரக் கரைசலை உறிஞ்சிக் குழாய்த் தண்ணீரில் கலக்கும் வென்சுரி வழியாக உரம் விடலாம். யூரியாவும் வெள்ளைப் பொட்டாஷும் கரையும். சூப்பர் பாஸ்பேட் கரையாது, அதை அடியுரமாகப் போட்டுவிடுங்கள். உரம் முடிந்ததும் 15 நிமிடம் வெறும் தண்ணீர் ஓடட்டும். உப்பு நிலத்தில் லேசான தூறல் விழுந்தால் மோட்டாரை நிறுத்தாமல் ஓட்டுவது நல்லது. ஈரவட்டத்தின் ஓரத்தில் படிந்த உப்பைத் தூறல் வேருக்கு இழுத்து வந்துவிடும். அறுவடைக்கு முன் டியூப்பைச் சுருட்டி எடுத்துவிடுங்கள், இயந்திரம் ஏறினால் மிஞ்சாது. சுருட்டியதை எலி எட்டாத இடத்தில் தொங்கவிடுங்கள்.

நுண்ணீர்ப் பாசனம் அமைப்பவர்களுக்குத் துணை நீர் மேலாண்மைப் பணிகள் என்று இன்னொரு மானியமும் உண்டு. நிலத்தடி நீர் பாதுகாப்பான குறுவட்டங்களில் குழாய்க் கிணறுக்கு ரூ.25,000, மோட்டாருக்கு ரூ.15,000, கிணற்றிலிருந்து வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் பைப்புக்கு எக்டேருக்கு ரூ.10,000 வரை. இதே சர்வே எண்ணில் நுண்ணீர்ப் பாசன மானியம் வாங்கி ஏழு ஆண்டு முடிந்தவர் மறுபடி விண்ணப்பிக்கலாம்.