லிவிங் ஹிஸ்டரி: வாழும் வரலாறா, வாழ்ந்துகாட்டலா?

இங்கிலாந்தின் செஷயர் பகுதியில் நான்ட்விச் என்று ஓர் ஊர். அரசருக்கும் நாடாளுமன்றத்துக்கும் இடையே நடந்த உள்நாட்டுப் போரில், 1644 ஜனவரி 25 அன்று, அரசர் முதலாம் சார்லசின் படை இந்த ஊரை முற்றுகையிட்டிருந்தபோது நாடாளுமன்றப் படை வந்து விடுவித்தது. அந்த நாளை நினைத்து ஊர்க்காரர்கள் ஹாலி என்ற முள்விளிம்புச் செடியின் இலைக் கொத்தைத் தொப்பியில் செருகிக்கொண்டார்கள். இன்றும் ஜனவரிக் கடைசியில் அதே இலையைச் செருகிக்கொண்டு அந்தப் போரை அங்கே நடத்துகிறார்கள். ஈட்டி பிடிப்பவர்களும் துப்பாக்கி சுடுபவர்களும் ‘சீல்டு நாட்’ என்ற குழுவினர். வார நாட்களில் அவரவர் வேலைக்குப் போகிறவர்கள்தான். துப்பாக்கியில் கருமருந்து உண்டு, குண்டு கிடையாது.

இதை ஆங்கிலத்தில் ‘ரீஎனாக்ட்மென்ட்’ என்கிறார்கள். இதோடு ஒட்டிப் பிறந்ததுபோல இன்னொரு சொல்லும் வரும்: ‘லிவிங் ஹிஸ்டரி’. தமிழில் இரண்டையும் எப்படிச் சொல்வது?

முதல் சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். லத்தீனில் ‘அகெரே’ என்றால் செய்தல், நடத்துதல். அதிலிருந்து வந்தது ‘ஆக்ட்’. அதன் முன்னால் ஓர் ஒட்டு சேர்ந்து ‘எனாக்ட்’ ஆனபோது, முதலில் கிடைத்த பொருள் சட்டம் இயற்றுதல். மேடையில் நடித்தல் என்ற பொருள் பின்னால் வந்தது. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தில் கிழவர் பொலோனியஸ், மாணவப் பருவத்தில் தான் ஜூலியஸ் சீசராக வேடம் கட்டியதைச் சொல்லும்போது இந்தச் சொல்லைத்தான் பயன்படுத்துகிறார். அப்புறம் ‘ரீ’ சேர்ந்தது. இருபதாம் நூற்றாண்டில் ஆர். ஜி. காலிங்வுட் என்ற தத்துவ அறிஞர் இதை வேறோர் உயரத்துக்குக் கொண்டுபோனார். பழைய மனிதரின் எண்ணத்தை வரலாற்றாசிரியர் தன் மனத்துக்குள் மறுபடி எண்ணிப் பார்ப்பதற்கு அவர் வைத்த பெயரும் இதுவே. சேற்றில் உருளும் ஈட்டிக்காரருக்கும் அதற்கும் தூரம் அதிகம் என்று தோன்றும். எனக்கென்னவோ அவ்வளவு தூரம் இல்லை என்றே படுகிறது.

அந்த ‘ரீ’யைத் தமிழில் சிலர் ‘மறு’ என்கிறார்கள், சிலர் ‘மீள்’ என்கிறார்கள். மறுபதிப்பு, மறுவாக்குப்பதிவு என்பவை தமிழ்நாட்டில் நன்றாகப் பழகிப்போனவை. மீள்குடியேற்றம், மீளாய்வு என்று இலங்கையில் ‘மீள்’ அதிகம் புழங்குகிறது. இரண்டுமே நல்ல தமிழ். ஆனால் இந்த இடத்தில் எனக்கு ஒரு தயக்கம். நான்ட்விச்சில் போரிட்டவர்கள் மீண்டு வரவில்லையே, செய்கிறவர்கள் வேறு ஆட்கள் அல்லவா? ‘மீள்’ சொல்லுக்குச் சொல் பொருந்திய நிகழ்வு என்றால் 1913இல் அமெரிக்காவின் கெட்டிஸ்பர்க்கில் நடந்ததைச் சொல்லலாம். உள்நாட்டுப் போரின் அந்தப் பெருஞ்சமர் நடந்து 50 ஆண்டு நிறைந்தபோது, இரு தரப்பிலும் சேர்த்து 50,000க்கும் மேற்பட்ட பழைய வீரர்கள் கூடினார்கள். ஜூலை 3 அன்று, முன்பு தாக்க ஓடிய அதே திடலில் கிழவர்களாக நடந்து வந்து, கல்சுவருக்கு மேலே எதிரியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

மற்றபடி, தமிழ் இதற்குத் துணைவினை ஒன்றை எப்போதோ தயாராக வைத்திருக்கிறது. “கொலை நடந்தது எப்படி என்று போலீசாரிடம் நடித்துக் காட்டினார்” என்று செய்தித்தாளில் படித்திருப்போம். அந்தக் ‘காட்டு’தான். செய்து காட்டு, பாடிக் காட்டு, வரைந்து காட்டு என்று எந்த வினையோடும் சேரும். பார்க்க ஒருவர் எதிரே இருக்கிறார், அவருக்குப் புரிய வேண்டும் என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. ஆகவே ரீஎனாக்ட்மென்ட் என்பது ‘நிகழ்த்திக்காட்டல்’. போருக்கு மட்டும் என்றால் ‘போர் நிகழ்த்திக்காட்டல்’.

‘கூத்து’ இருக்கிறதே என்று கேட்கலாம். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் படுகளத்தன்று துரியோதனனை மண்ணால் பெரிதாகப் படுக்கவைத்து, பதினெட்டாம் போரை முடித்துவைப்பார்கள். திருச்செந்தூர்க் கடற்கரையில் சூரசம்ஹாரம் நடக்கும். இரண்டும் போரை நடத்திக்காட்டுவதுதான். ஆனால் அவை நேர்த்திக்கடனோடும் வழிபாட்டோடும் கட்டப்பட்டவை. சட்டையில் பித்தான் அந்தக் காலத்து ஈயக்கலவையா, நூல் சரியான நூலா என்று யாரும் குனிந்து பார்க்க மாட்டார்கள். நிகழ்த்திக்காட்டுகிறவர்கள் பார்ப்பார்கள். தையலை எண்ணுகிறவர் என்று அவர்களுக்குள்ளேயே ஒரு கேலிப்பெயர் உண்டு.

சரி, லிவிங் ஹிஸ்டரிக்கு வருவோம். இதில் போர் கட்டாயமில்லை. கூடாரம் அடிப்பது, விறகடுப்பில் கஞ்சி காய்ச்சுவது, கிழிந்த காலுறையைத் தைப்பது, வந்து கேட்பவர்களுக்குப் பதில் சொல்வது என்று ஒரு காலத்தின் அன்றாடத்தையே காட்டுவது. 1891இல் ஆர்ட்டர் ஹசேலியஸ் ஸ்டாக்ஹோமில் திறந்த ஸ்கான்சென் என்ற திறந்தவெளி அருங்காட்சியகத்தை இதன் முன்னோடி என்பார்கள். பழைய வீடுகளை அங்கே கொண்டுவந்து நிறுத்தியதோடு, பழைய உடையில் ஆட்களையும் உள்ளே இருக்கச் செய்தார்.

இதை ‘வாழும் வரலாறு’ என்று பெயர்த்தால் நம் ஊரில் என்ன ஆகும் என்று யோசியுங்கள். பிறந்தநாள் பிளெக்ஸில் தலைவர் கைகூப்பி நிற்பார், மேலே “வாழும் வரலாறே!” என்று இருக்கும். அந்தச் சொல் ஏற்கெனவே விலைபோய்விட்டது. போகட்டும், பொருளும் சரியில்லை. வரலாறு என்பது வரல் ஆறு, வந்த வழி. வழி எங்கே வாழ்கிறது? வாழ்கிறவர் மனிதர், அதுவும் ஒரு சனி ஞாயிறுக்கு. இங்கேயும் ‘காட்டு’ கைகொடுக்கிறது: ‘வாழ்ந்துகாட்டல்’. சிறுமைப்படுத்தியவர் முன்னால் நன்றாக வாழ்ந்து காட்டுவது என்ற வழக்குப் பொருள் குறுக்கே வரும் என்பது உண்மை. ‘வரலாற்று வாழ்ந்துகாட்டல்’ என்று முன்னொட்டு கொடுத்துவிட்டால் அந்தக் குழப்பம் தீரும்.

குழுவின் பெயரைப் பெயர்க்க வேண்டாம், ஒலிபெயர்த்தால் போதும். ‘சீல்டு நாட்’ என்றால் முத்திரையிட்ட முடிச்சு. 1650களில், அரசரை வீழ்த்திய நாடாளுமன்றத் தரப்பின் குரோம்வெல் ஆண்டபோது, முதலாம் சார்லசின் மகன் இரண்டாம் சார்லசை அரியணை ஏற்றச் சதி செய்த இரகசியக் குழுவின் பெயர் அது. அந்த உறுப்பினர்களில் ஒருவரே குரோம்வெல் அரசின் உளவுத்துறைக்குத் துப்பு கொடுத்துவந்தார் என்பது தனி வேடிக்கை. இரண்டாம் உலகப் போரில் கமாண்டோவாக இருந்த பிரிகேடியர் பீட்டர் யங் 1968இல் இந்தப் பெயரை எடுத்துப் புதுக் குழுவுக்கு வைத்தார்.

அப்படியானால் 2018இல் அவர்களுக்குப் பொன்விழா. ‘ஆனிவர்சரி’ என்பதும் லத்தீன் வழிதான்: ஆண்டு, திரும்புதல் என்ற இரண்டும் சேர்ந்தது. ‘ஆண்டு விழா’ என்று எழுதினால் பள்ளிக்கூட மேடையும் பரிசுக் கோப்பையும் நினைவுக்கு வரும், ஆகவே ‘ஆண்டு நிறைவு’ நல்லது. ஐம்பதாம் ஆண்டு தொடங்குவதும் ஐம்பது ஆண்டு நிறைவதும் ஒன்றல்ல என்பதையும் கவனிக்க வேண்டும். நம் அழைப்பிதழ்களில் இது அடிக்கடி குழம்பும்.

போர் முடிந்த மாலையில் அரசர் தரப்பும் நாடாளுமன்றத் தரப்பும் ஒரே கூடாரத்தில் பீர்க் குவளையோடு உட்காருவார்கள். அதற்குச் சொல் தேட வேண்டியதில்லை. வெட்சித் துறைகளில் தொல்காப்பியம் சொல்லும் ‘உண்டாட்டு’ இருக்கிறது: ஆநிரை கவர்ந்து திரும்பிய வீரர்கள் கள்ளுண்டு களிப்பது.