பழைய பிரெஞ்சு செண்ட் என்றால் தோல் சும்மா இருக்குமா?

இந்த மாதத்தில் இவர் மூன்றாவது ஆள். இடது காதுக்குக் கீழே தொடங்கி கழுத்தெலும்பு வரை ஒரு பழுப்புக் கோடு. மேலே மெலிசு, கீழே வர வர அகலம், முடிகிற இடத்தில் ஒரு சொட்டு உருண்டு வந்து நின்ற மாதிரி. செயின் உரசுகிறது என்று நினைத்து இரண்டு மாதம் அதைக் கழற்றி வைத்திருக்கிறார். அப்புறம் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஏதோ ஒரு ட்யூப் வாங்கித் தடவியிருக்கிறார். (ட்யூப் கதையைத் தனியாகத்தான் எழுத வேண்டும். எழுதினால் எனக்கு பிரஷர் ஏறும்.)

"செண்ட் போடுவீங்களா?"

"போடுவேன் டாக்டர். ஆனா அதுவா இருக்காது. பிரெஞ்சு செண்ட், அறுபது வருஷத்துக்கு முந்தின பாட்டில். ஆன்லைன்ல தேடிப் பிடிச்சேன். இப்ப வர்றதுதான் கெமிக்கல். அந்தக் காலத்துல எல்லாம் பூவும் பழமும்தானே?"

இந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. அவர் வாங்கிய பாட்டில் எந்தக் கம்பெனியுடையது என்பது இங்கே வேண்டாம். பழைய பிரெஞ்சு செண்ட் என்றதும் எல்லோர் வாயிலும் வருகிற கெர்லான் கம்பெனியுடையது அல்ல, அதை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஆனால் 'அந்தக் காலத்தில் கெமிக்கல் கிடையாது' என்பவர்களுக்குப் பதில் சொல்ல கெர்லானின் கதையை விட நல்ல சாட்சி கிடையாது.

பியர் ஃப்ரான்சுவா பாஸ்கல் கெர்லான் 1828-ல் பாரிஸின் ரிவோலி தெருவில் கடை போட்டார். 1853-ல் மூன்றாம் நெப்போலியனைக் கல்யாணம் செய்துகொண்ட யூஜெனி மகாராணிக்காக ஒரு யூடிகோலன் தயாரித்தார். பாட்டில் முழுக்கத் தேனீக்கள், நெப்போலியன் வம்சத்துச் சின்னம். அந்தப் பாட்டில் இன்றும் விற்பனையில் இருக்கிறது. நம் வீடுகளில் காய்ச்சல்காரர் நெற்றியில் துணி நனைத்துப் போட்ட யூடிகோலனும் இந்த வகையறாதான்.

அவர் மகன் எமே கெர்லான் 1889-ல் ஒரு செண்ட் கொண்டுவந்தார். பெயர் ஜிக்கி. (நம் பாடகி ஜிக்கிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) ஈஃபில் கோபுரம் திறந்த அதே வருஷம். அதில் லாவெண்டர் உண்டு, எலுமிச்சை வகைகள் உண்டு. கூடவே கூமரின், வனிலின் என்ற இரண்டு மணப்பொருள்களும் உண்டு. கூமரினை 1868-ல் ஆய்வுக்கூடத்தில் தயாரித்தவர் வில்லியம் பெர்கின், செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடித்த அதே பெர்கின். வனிலினை 1874-ல் டீமனும் ஹார்மனும் தயாரித்தார்கள். ஆக, என் பேஷண்ட் ஏங்குகிற 'அந்தக் காலத்தில்' கெமிக்கல் தாராளமாகவே இருந்தது. அதை யாரும் ஒளித்தும் வைக்கவில்லை. அதுதான் அன்றைக்குப் புதுமை.

அடுத்த தலைமுறையில் ழாக் கெர்லான். 1919-ல் இவர் செய்த மிட்சுக்கோ என்ற செண்டில் பீச் பழ வாசனை வரும். அதில் பீச் பழம் ஒரு துளி கிடையாது. அந்த வாசனையைத் தருவது ஆய்வுக்கூடத்தில் செய்த லாக்டோன் என்ற ஒரு கெமிக்கல். 1925-ல் பாரிஸ் அலங்காரக் கலைக் கண்காட்சியில் புகழ்பெற்ற ஷாலிமார் செண்டில் எத்தில் வனிலின், அதுவும் ஆய்வுக்கூடச் சரக்குதான். ஷாஜகான், மும்தாஜ், தோட்டம் என்று விளம்பரக் கதை மட்டும் மணக்க மணக்க இருக்கும். லாகூரில் ஷாஜகான் ஷாலிமார் தோட்டம் போட்டது 1641-ல். மும்தாஜ் இறந்தது 1631-ல். சரி, செண்ட் விற்கக் கதையும் வேண்டும்தானே.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பழைய செண்ட்களில் தோல் மருத்துவரான எனக்கு வேலை வைப்பவை பெரும்பாலும் அந்தச் செயற்கைச் சரக்குகள் அல்ல. 'இயற்கை' என்று எல்லோரும் கும்பிடுகிற சரக்குகள்தான்.

முதல் ஆள் பெர்காமோட். தென் இத்தாலியின் கலாப்ரியாவில் விளைகிற ஓர் எலுமிச்சை இனம். யூடிகோலனுக்கு உயிர், ஷாலிமாரிலும் முதலில் மூக்கில் ஏறுவது அதுதான். பழத்தோலைப் பிழிந்து எடுத்த எண்ணெயில் பெர்காப்டென் என்ற ஒரு பொருள் இருக்கும். அது தோலில் பட்டு, மேலே வெயிலும் பட்டால் கருக்கும், அவ்வளவுதான். எலுமிச்சை பிழிந்த கையோடு வெயிலில் நின்று கை கறுத்து வருகிறவர்களைக் கோடையில் நிறையப் பார்க்கிறேன், அதே சங்கதி. வெண்புள்ளிக்கு நாங்களே சோராலென் என்ற மருந்தைக் கொடுத்து அளந்து வெயில் காட்டுகிறோமே, பெர்காப்டெனும் அந்தக் குடும்பம்தான். 1916-லேயே ஃப்ராய்ண்ட் என்ற மருத்துவர் யூடிகோலன் தடவி வெயிலில் போனவர்களின் கருந்திட்டுகளைப் பற்றி எழுதிவிட்டார். 1925-ல், ஷாலிமார் பிரபலமான அதே வருஷம், ரோசென்தால் இதற்கு பெர்லோக் என்று பெயர் வைத்தார். பிரெஞ்சில் பதக்கம் என்று அர்த்தம். என் பேஷண்ட் கழுத்தில் தொங்கியது அந்தப் பதக்கம்தான்.

இன்றைய செண்ட்களில் பெர்காப்டென் நீக்கிய பெர்காமோட்டைப் போடுகிறார்கள், அல்லது அளவைக் கட்டுப்படுத்துகிறார்கள். அதனால் இந்த நோய் அபூர்வமாகிவிட்டது. அபூர்வமானதைத்தான் நம் ஆட்கள் காசு கொடுத்து ஆன்லைனில் வாங்குகிறார்கள்!

இரண்டாவது ஆள் ஓக் பாசி. பிரியாணியில் போடுகிற கல்பாசியின் குடும்பம். (கல்பாசியைச் சாப்பிடலாமா என்று போன் செய்யாதீர்கள், தாராளமாகச் சாப்பிடலாம்.) மிட்சுக்கோவின் ஈர மண் வாசனைக்கு ஆதாரமே இதுதான். இதிலுள்ள அட்ரனால், குளோரோஅட்ரனால் இரண்டும் ஒவ்வாமை உண்டாக்குவதில் எமகாதகர்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2017-ல் சட்டம் போட்டு, 2021 ஆகஸ்டுக்குப் பிறகு இவற்றைச் சேர்த்த எதையும் விற்கக்கூடாது என்றது. 2008-ல் கெர்லானுக்கு வந்த தியரி வாசர், அட்ரனால் நீக்கிய பாசியை வைத்து மிட்சுக்கோவை மறுபடி கட்டினார். ரசிகர்கள் இதை 'பழைய மணத்தைக் கெடுத்துவிட்டார்கள்' என்று திட்டுகிறார்கள். மணம் மாறியது நிஜம்தான், நானும் பழசின் ரசிகன். ஆனால் காசு மிச்சம் பிடிக்கத்தான் எல்லாவற்றையும் மாற்றினார்கள் என்று சொல்கிறவர்கள், ஒரு நாள் ஒவ்வாமை கண்டுபிடிக்கிற என் பேட்ச் டெஸ்ட் அறையில் வந்து உட்காரட்டும்.

இன்னொன்று. லாவெண்டர், எலுமிச்சை எண்ணெய்களில் உள்ள லினலூல், லிமொனீன் என்ற மணப்பொருள்கள் காற்றுப் பட்டு நாளாக நாளாகத்தான் ஒவ்வாமைச் சரக்காக மாறும். பாதி காலியான பழைய பாட்டிலில் மீதி பாதி காற்று. பழசு என்றால் பத்திரம் என்ற கணக்கு இங்கே தலைகீழ்.

பழைய பாட்டில் வைத்திருக்கிறீர்களா? அழகு பாருங்கள், மூடியைத் திறந்து மோந்து பாருங்கள், கைக்குட்டையில் ஒரு சொட்டு விடுங்கள். தோலில் வேண்டாம். கழுத்து, காதுக்குப் பின்னால், சவரம் செய்த கன்னம் ஆகிய மூன்று இடத்திலும் புது செண்ட் கூட வேண்டாம். வெயிலில் கிளம்பும்போது புது செண்டைப் போட்டே ஆக வேண்டும் என்றால் துணிக்குள் மறையும் இடத்தில் போடுங்கள். பட்டுப் புடவை மேல் அடித்துக் கறை பட்டால் என்னைத் திட்டாதீர்கள். அரிப்பு வந்துவிட்டதா, அதே செண்டைக் கொஞ்சமாகப் போட்டுப் பார்க்கலாம் என்ற பரிசோதனை வேண்டவே வேண்டாம். ஒவ்வாமை ஒரு முறை வந்தால் பெரும்பாலும் ஆயுசுக்கும் கூடவே இருக்கும். சோப்பு, க்ரீம் லேபிளில் 'பர்ஃப்யூம்' என்ற சொல் இருந்தால் அதுவும் அதே சங்கதிதான்.

கழுத்தில் கோடு விழுந்துவிட்டால், தயவுசெய்து, அந்த ட்யூபை மட்டும் தடவாதீர்கள். இந்தக் கருப்பு தானாக மங்கும், மாதக்கணக்கில் ஆகும், பொறுக்க வேண்டும். ஸ்டீராய்டு ட்யூபை மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்து நரம்பு தெரியும். அதைச் சரிசெய்வது எனக்கே கஷ்டம்.

அரிப்பும் தடிப்புமாக வருகிறவர்களுக்கு முதுகில் பேட்ச் ஒட்டுவோம். இரண்டு நாள் முதுகு நனையக்கூடாது. 48 மணி நேரத்தில் ஒரு முறை, 96 மணி நேரத்தில் ஒரு முறை பார்ப்போம். புதனோ வெள்ளியோ வந்து ஒட்டச் சொல்லாதீர்கள், ஞாயிறு நான் இருக்கமாட்டேன். வரும்போது செண்ட் பாட்டிலையும் கொண்டு வாருங்கள், அட்டைப்பெட்டியோடு. பொடி எழுத்துப் பட்டியல் அதில்தான் இருக்கும்.