பேரடைச் சூழல்: சொல் விளக்கம்

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகளின் காதில் கோடிக்கணக்கான விண்மீன்கள் கூடிய ஒரே பொருளுக்குப் பல பெயர்கள் விழும். மலையாளத்தில் தாராபதம், ஆங்கிலத்தில் கேலக்ஸி, தமிழில் விண்மீன் திரள், விண்மீன் மண்டலம் அல்லது பேரடை. கேலக்ஸியின் வேர் கிரேக்கச் சொல் 'காலா'. பால் என்று பொருள். முதலில் அது இரவு வானின் வெண்பட்டைக்கு மட்டும் உரிய பெயர். ஆந்திரமேடா என்ற விண்மீன் கூட்டம் நம் பால்வழிக்கு வெளியே இருக்கிறது என்று 1920களில் வானியலாளர் எட்வின் ஹபிள் காட்டினார். அப்புறம் கேலக்ஸி என்பது இப்படிப்பட்ட கூட்டங்கள் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராகிவிட்டது.

என் தேர்வு 'பேரடை'தான். திரள், மண்டலம் இரண்டும் விண்மீன் கொத்துக்கும் ராசிக்கும்கூடப் போய் ஒட்டிக்கொள்கின்றன. தேனடையில் போல, அடை என்றதும் நெருங்கிச் சேர்ந்திருப்பது மனதில் வருகிறது.

சரி, சூழல்? 'என்விரான்மென்ட்' பிரெஞ்சு வழி வந்தது. சுற்றிலும் என்பதே வேர்ப்பொருள். நம் 'சூழ்' அதையே சொல்கிறது. 'சுற்றுச்சூழல்' என்று எழுதினால் மரமும் ஆறும் புகையும் நினைவுக்கு வந்துவிடும், இங்கே அது வேண்டாம். மலையாளத்துச் 'சுற்றுபாடு' ஓரளவு நெருங்கி வருகிறது. பாலக்காட்டுப் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லியே புரியவைக்கலாம். வானியலில் சூழல் என்பது அளக்கக்கூடிய ஒன்று: ஒரு பேரடையைச் சுற்றிக் குறிப்பிட்ட தொலைவுக்குள் எத்தனை பேரடைகள் இருக்கின்றன என்பது.

இந்த நெருக்கம் பேரடையின் உருவத்தோடு ஒட்டிப்போகிறது. வானியலாளர் ஆலன் டிரெஸ்லர் 1980இல் 55 பேரடைக் கொத்துகளை ஆராய்ந்தார். நெருக்கமான இடங்களில் நீள்வட்டப் பேரடைகளும் வில்லை வடிவப் பேரடைகளும் மிகுதி, நெருக்கம் குறைந்த ஓரங்களில் சுருள் பேரடைகள் மிகுதி. கொத்துக்குள் பல கோடி டிகிரி சூட்டில் வாயு நிரம்பியிருக்கும். அதற்குள் பாய்ந்து விழும் சுருள் பேரடையின் குளிர்வாயுவை அந்தச் சூடான வாயுவின் அழுத்தம் உரித்தெடுத்துவிடும். வானியலாளர்கள் ஜேம்ஸ் கன், ரிச்சர்ட் காட் இருவரும் 1972இலேயே இதைச் சொன்னார்கள். நார்மா கொத்தில் உள்ள ஈ.எஸ்.ஓ 137-001 என்ற பேரடையின் படத்தைத் தேடிப் பாருங்கள்: உரிந்த வாயு பின்னால் நீண்ட வாலாகத் தொங்குகிறது, அந்த வாலுக்குள்ளேயே புது விண்மீன்கள் பிறக்கின்றன. பேரடைக்குள்ளோ வாயு தீர்ந்துபோக, விண்மீன் பிறப்பு நின்று, இளம் விண்மீன்களின் நீலம் மங்கிச் சிவக்கிறது. வாயு இப்படி உரிவதற்கு 'அழுத்த உரிப்பு' என்ற சொல்லே போதும்.

பேரடையின் அளவு விஷயம் வேறு மாதிரி. ஜப்பானின் சுபாரு தொலைநோக்கி எடுத்த ஏறத்தாழ 30 லட்சம் பேரடைகளின் படங்களை ஆராய்ந்து 2024இல் ஒரு முடிவு வந்தது: ஒரே நிறை, ஒத்த வடிவம் உள்ளவற்றில், நெருக்கத்தில் இருப்பவை தனித்திருப்பவற்றைவிட 25 விழுக்காடு வரை பெரியவை. பக்கத்துப் பேரடைகளோடு மோதி இணைவது ஒரு காரணமாக இருக்கலாம். தொடக்கத்திலிருந்தே சுற்றியிருக்கும், கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள் (டார்க் மேட்டர்) இன்னொரு காரணமாக இருக்கலாம். இப்படி எழுதும் இடங்களில் 'அடர்சூழல்', 'தனித்த பேரடை' என்ற இரண்டையும் தயங்காமல் பயன்படுத்தலாம்.