நாக்டர்ன்: யாமத்தில் எழுந்து பாடியது

பியானோ இசைத் தொகுப்புகளில் 'நாக்டர்ன்' என்ற பெயரைப் பார்த்திருப்பீர்கள். 'இரவு இசை' என்று பொருள் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம், தவறில்லை. ஆனால் பியானோவுக்கு வருவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் முன்பே இந்தச் சொல் கிறிஸ்தவ மடங்களில் வழங்கியது. அங்கே அது செபத்தின் பெயர்.

லத்தீனில் 'நோக்ஸ்' என்றால் இரவு, 'நொக்துர்னுஸ்', இரவுக்குரியது. 6ஆம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) எழுதிய மட ஒழுங்கின்படி, குளிர்காலத்தில் துறவிகள் இரவின் எட்டாம் மணியில் எழ வேண்டும். சூரியன் மறைந்ததிலிருந்து எண்ணும் கணக்கு அது. நம் கடிகாரத்தில் ஏறத்தாழ 2 மணி. எழுந்ததும் ஆறு சங்கீதங்கள் (வேதாகமத்திலுள்ள துதிப்பாடல்கள்), பிறகு வாசகங்கள், அப்புறம் இன்னும் ஆறு சங்கீதங்கள். "பாதிராத்திரியில் எழுந்திருப்பேன்" என்ற 119ஆம் சங்கீத வரியைத்தான் அவர் இதற்குச் சான்றாகக் காட்டுகிறார். பிற்காலத்தில் பெருவிழா நாள்களில் இந்த வழிபாடு மூன்று பகுதிகளாக நடந்தது. ஒவ்வொரு பகுதிக்கும் பெயர் 'நாக்டர்ன்'.

படுக்கப் போகுமுன் சொல்லும் இரவு செபம் வேறு. அதன் பெயர் 'கம்ப்ளின்'. நாளை நிறைவு செய்வது என்று பொருள். நாக்டர்ன், தூக்கத்தைக் கலைத்துக்கொண்டு எழுந்து வேண்டுவது. இந்த வேறுபாட்டை விட்டுவிட்டால் சொல்லின் உயிரே போய்விடும்.

1960களில் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு வந்த திருப்புகழ்மாலையில், அதாவது அன்றாடச் செபநூலில், இந்தப் பிரிவுகள் இல்லை. கார்த்தூசியத் துறவிகள் இன்றும் நள்ளிரவில் எழுந்து பாடுகிறார்கள்.

இசையில் இந்தப் பெயரைப் பியானோவுக்குக் கொண்டுவந்தவர் அயர்லாந்துக்காரர் ஜான் ஃபீல்டு. அவருடைய முதல் நாக்டர்ன்கள் 1812இல் வெளிவந்தன. இடக்கை சுரங்களைப் பிரித்துப் பிரித்து அலைபோல வாசிக்க, வலக்கை பாடும். போலந்து இசையமைப்பாளர் ஷோபின் 21 நாக்டர்ன்கள் எழுதினார். அவற்றில் ஓபஸ் 15 (ஓபஸ் என்பது படைப்பு எண்) தொகுப்பின் மூன்றாவதைக் கேட்டுப் பாருங்கள். சோர்ந்த குரலில் தொடங்கும் மெட்டு பாதியில் நின்றுவிடும். அங்கே ஷோபின் 'ரெலிஜியோசோ', அதாவது பக்தியோடு, என்று குறித்திருக்கிறார். அலை அடங்கி, கோவில் பாடகர் குழு சேர்ந்து பாடுவதுபோல நிதானமான சுரக்கோவைகள் வரும். முதல் மெட்டு திரும்பி வருவதே இல்லை. அந்த இடத்தில் சொல் தன் பழைய வீட்டுக்குப் போய்விட்டதாகவே எனக்குத் தோன்றும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'இரவு' என்பது முழு இரவையும் குறிக்கும். இங்கே வேண்டியது நடு இரவு. அதற்கு நம்மிடம் 'யாமம்' இருக்கிறது. குறிஞ்சியின் சிறுபொழுது அது. ரோமர்கள் இரவை நான்கு காவல்களாகப் பிரித்தார்கள்; நாமும் நான்கு யாமமாக, அதாவது சாமமாகப் பிரித்தோம். இயேசு கடல்மேல் நடந்து வந்தது 'இரவின் நாலாம் ஜாமத்திலே' என்றுதான் தமிழ் வேதாகமத்தில் இருக்கிறது. 'சாமப் பாடல்' என்றால் சாமவேதம் நினைவுக்கு வந்துவிடும், அதனால் அது வேண்டாம். வழிபாட்டுக்கு 'யாம வேண்டல்', இசைக்கு 'யாமப்பண்' என்பேன். பண் என்பது இராகத்தையும் குறிக்குமே என்று கேட்கலாம். நாட்டுப்பண் என்று சொல்லும்போது யாரும் குழம்புவதில்லை.